ஹவார் தீவு யாருக்குச் சொந்தம்?

நம் நாட்டுக் கிராமங்களில் வரப்புத் தகராறு அறியாதவர் இல்லை. இரண்டு பங்காளிகளின் நிலங்களுக்கு நடுவே ஒரு கரட்டு மேடு கிடக்கும். அதில் ஆடு மேயும், சுள்ளி பொறுக்குவார்கள், அதற்கு எவரும் பட்டா கேட்கமாட்டார்கள். ஒரு நாள் அந்த வழியாக ரயில் பாதை வரப்போகிறது என்று ஒரு பேச்சுக் கிளம்பும். மறுநாளே இரண்டு வீட்டுப் பரண்களிலிருந்தும் பழைய ஓலைகள் கீழே இறங்கிவிடும். பாட்டனார் வெட்டிய கிணற்றுக்கும் முப்பாட்டனார் வைத்த புளியமரத்துக்கும் சாட்சி சொல்ல ஊர்க் கிழவர்கள் அழைக்கப்படுவார்கள். வழக்கு ஜில்லாக் கோர்ட்டுக்குப் போகும், ஹைக்கோர்ட்டுக்குப் போகும், வாதியும் பிரதிவாதியும் காலமான பிறகு பேரப்பிள்ளைகள் நடத்துவார்கள்.

பாரசீக வளைகுடாவில் இதே மாதிரி ஒரு தகராறு 1936-ம் வருஷம் ஆரம்பித்து 2001-ம் வருஷத்தில்தான் முடிவடைந்தது. வாதிப் பிரதிவாதிகள் இரண்டு ராஜ்யங்கள். கரட்டு மேட்டின் இடத்தில் இருந்தவை ஹவார் என்னும் தீவுகள். ரயில் பாதையின் இடத்தில் இருந்தது எண்ணெய். தீர்ப்புச் சொல்லும் மணியகாரர் ஸ்தானத்தில் அமர்ந்திருந்தவர்கள், அந்தக் காலத்தில் நம்மையும் ஆண்டுகொண்டிருந்த பிரிட்டிஷார். அவர்கள் வழக்கை விசாரித்த விதம் நாம் அனைவரும் அறிந்துகொள்ளத்தக்கது.

முத்துக் கடல்

அரேபியாவின் கீழ்க் கரையிலிருந்து கட்டை விரல்போல் வடக்கே நீட்டிக்கொண்டிருக்கிறது கத்தார். அதற்கு மேற்கே, கடலில், பஹ்ரைன் தீவு இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலே, கத்தார்க் கரையை ஒட்டினாற்போல் கிடப்பவை ஹவார் தீவுகள். இவற்றில் பெரிய தீவு சுமார் 11 மைல் நீளம். கத்தார்க் கரைக்கும் அதற்கும் இடையே மிகக் குறுகிய இடத்தில் ஓரிரு மைல் ஆழமற்ற கடல்தான். பஹ்ரைனின் பெரிய தீவிலிருந்தோ சுமார் 12 மைல் கடலைக் கடந்து வரவேண்டும். தீவுகளில் ஆறு இல்லை, ஊற்று இல்லை. மழைக்காலத்தில் விழும் கொஞ்சம் தண்ணீரைக் கல் தொட்டிகளில் பிடித்து வைத்துக்கொண்டு மீனவர்கள் சில மாதங்கள் தங்குவார்கள். பிறகு படகேறிப் போய்விடுவார்கள்.

அந்தப் பிரதேசம் முழுவதும் முத்துக் குளித்துப் பிழைத்த பிரதேசம். அங்கே எடுத்த முத்துக்களில் பெரும்பகுதி பம்பாய்க்கு வந்தது. பம்பாயிலிருந்து அரிசியும் துணியும் தேயிலையும் அங்கே போயின. கடைத்தெருவில் செல்லுபடியான நாணயம் நமது ரூபாய். 1920-க்குப் பிறகு ஜப்பானியர் சிப்பிக்குள் செயற்கையாக முத்து வளர்த்து மலிவாக விற்கத் தொடங்கினார்கள். 1929-ல் உலகமெங்கும் வியாபார மந்தம் ஏற்பட்டது. வளைகுடாவின் முத்து வாணிபம் படுத்துவிட்டது. கத்தாரில் பட்டினி நுழைந்தது; பல குடும்பங்கள் ஊரைவிட்டே போயின.

இந்த நிலைமையில்தான், 1932-ம் வருஷம் ஜூன் மாதம், பஹ்ரைனில் பூமிக்குள்ளிருந்து எண்ணெய் பீறிட்டது. வளைகுடாவின் அரபுக் கரையில் கிடைத்த முதல் எண்ணெய் அதுதான். அதுவரையில் மணல் என்றும் பாறை என்றும் அலட்சியம் செய்யப்பட்ட இடங்களை எல்லாம் அன்றுமுதல் எல்லோரும் உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

குத்தகைக்காரர்கள்

பஹ்ரைனில் எண்ணெய் கண்டது அமெரிக்கர்களின் கம்பெனி. அந்நிய நாட்டுக் கம்பெனி வளைகுடாவில் கால் வைப்பதைப் பிரிட்டிஷ் சர்க்கார் விரும்பவில்லை. ஆகவே கலிபோர்னியாவைச் சேர்ந்த ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியார், பஹ்ரைன் பெட்ரோலியம் கம்பெனி என்று ஒன்றைக் கனடாவில் பதிவு செய்தார்கள். பணம் அமெரிக்கர்களுடையது, பெயரளவில் அது பிரிட்டிஷ் சாம்ராஜ்யக் கம்பெனி. சர்க்காரும் திருப்தியடைந்தது.

கத்தாரில் வேறு கதை. 1935-ம் வருஷம் மே மாதம் 17-ந் தேதி, அந்நாட்டு ஷேக் அப்துல்லா பின் ஜாஸிம் அல் தானி, ஆங்கிலோ-இரானியன் எண்ணெய்க் கம்பெனிக்கு 75 வருஷக் குத்தகை எழுதிக் கொடுத்தார். கையெழுத்திட்டவுடன் 4 லட்சம் ரூபாய். எண்ணெய் கிடைத்தால் டன் ஒன்றுக்கு 3 ரூபாய். முத்து வாணிபம் அழிந்துபோன ஒரு சிறு நாட்டுக்கு அது பெருந்தொகை. அந்தக் குத்தகை பிறகு இராக் பெட்ரோலியம் கம்பெனியின் கிளையொன்றின் கைக்கு மாறியது. அந்தக் கூட்டத்தில் பிரிட்டிஷ் செல்வாக்கு அதிகம்.

தீவுப் பிரச்னை முளைத்த இடம் இதுதான். ஹவார் கத்தாரைச் சேர்ந்தது என்றால், அது 1935-ம் வருஷத்துக் குத்தகையில் தானாகவே அடங்கிவிடும். பஹ்ரைனைச் சேர்ந்தது என்றால், பஹ்ரைனில் இன்னும் யாருக்கும் குத்தகை விடாத நிலத்தில் சேர்ந்துவிடும். அதற்கு இரண்டு கம்பெனிகளும் போட்டியிடலாம். பஹ்ரைன் ஷேக் நல்ல விலை கேட்கலாம். ஆட்டுக்கும் மீனுக்கும் அவசியப்படாத எல்லைக் கோடு, குத்தகைப் பத்திரத்துக்கு உடனே அவசியமாகிவிட்டது.

ஒரு கடிதமும் ஓர் அபிப்பிராயமும்

அப்போது பஹ்ரைனை ஆண்டவர் ஷேக் ஹமத் பின் இஸா அல் கலீபா. அவருக்கு ஆலோசகராக இருந்தவர் சார்லஸ் பெல்கிரேவ் என்ற ஆங்கிலேயர். லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகையில் வெளிவந்த ஒரு விளம்பரத்தைப் பார்த்து மனுப் போட்டு, 1926-ல் வந்து சேர்ந்தவர். 1957 வரையில் அந்தப் பதவியில் இருந்தார். சுங்கம், போலீஸ், நியாயஸ்தலம் எல்லாம் அவர் கண்காணிப்பில் நடந்தன.

1936-ம் வருஷம் ஏப்ரல் 28-ந் தேதி, பெல்கிரேவ் பிரிட்டிஷ் பொலிடிகல் ஏஜெண்டுக்கு ஒரு கடிதம் அனுப்பினார். ஹவார் தீவுகள் பஹ்ரைன் ஷேக்குக்கு உரியவை என்பது அதன் சாரம். புதிய எண்ணெய்க் குத்தகைக்குப் பேரம் நடந்துகொண்டிருந்த சமயம் அது. பொலிடிகல் ஏஜெண்டாக இருந்தவர் கர்னல் லோக். அவர் பஹ்ரைன் கட்சிக்கு அனுகூலமாக மேலிடத்துக்கு எழுதினார்.

மேலிடம் என்பது எது? நேயர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் இது. வளைகுடா விவகாரங்களை அந்த நாளில் கவனித்துவந்தது இந்திய சர்க்கார். பூஷேர் துறைமுகத்தில் இருந்த ரெஸிடெண்ட், டில்லிக்கும் சிம்லாவுக்கும் லண்டன் இந்தியா ஆபீஸுக்கும் எழுதுவார். நம் சமஸ்தானங்களில் ரெஸிடெண்டுகளாக இருந்து ராஜாக்களை ஆட்டிவைத்த அதே உத்தியோக வர்க்கத்தார்தான் அங்கேயும் ஷேக்குகளின் அருகே நின்றார்கள். 1947-ம் வருஷம் ஏப்ரல் மாதம் வரையில் இந்த ஏற்பாடு நீடித்தது. ஆகையால் ஹவார் தஸ்தாவேஜுக் கட்டில் நம் நாட்டின் பெயரும் இருக்கிறது. அதில் அபிப்பிராயம் சொல்ல நம்மில் ஒருவருக்கும் உரிமை இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

1936-ம் வருஷம் ஜூலை மாதத்தில் மேலிடம் ஒரு முடிவுக்கு வந்தது. ஹவார் பஹ்ரைனைச் சேர்ந்ததாகவே தோன்றுகிறது. ஆட்சேபிக்கிறவர் ருசுப்படுத்தவேண்டும் என்பது அந்தத் தற்காலிக அபிப்பிராயம். இதைப் பஹ்ரைன் ஷேக்குக்கும் எண்ணெய்க் கம்பெனிக்கும் தெரிவித்தார்கள். கரைக்கு எதிரே இருந்த கத்தார் ஷேக்கை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வருஷம் பஹ்ரைன் ஹவாரில் ஒரு காவற்படையை வைத்தது. கோட்டை ஒன்றும் எழுந்தது. அதே 1937-ல், கத்தாரின் வடமேற்குக் கரையிலுள்ள ஸுபாரா என்ற பழைய ஊரைப் பற்றியும் சச்சரவு மூண்டது. பஹ்ரைன் அரச வம்சத்தார் 1783-ல் தீவைக் கைப்பற்றுவதற்கு முன் வாழ்ந்த ஊர் அது. அங்கே கத்தார் ஷேக்கின் படை தன் அதிகாரத்தை ஏற்காத கூட்டத்தாரை அடக்கியது. இரண்டு வீட்டாருக்கும் பேச்சுவார்த்தை முறிந்தது.

விசாரணை நடந்த விதம்

1938-ம் வருஷம் மே மாதம் 10-ந் தேதி கத்தார் ஷேக் எழுத்துமூலம் முறையிட்டார். புதிய பொலிடிகல் ஏஜெண்ட் ஹியூ வெயிட்மன் மே 20-ந் தேதி பதில் எழுதினார். பஹ்ரைன் சில காலமாகத் தீவுகளில் குடியிருப்பதால் மேலெழுந்தவாரியாகப் பாத்தியதை அவர்களுக்கு இருப்பதாகவே கொள்ளப்படும். கத்தார் ஷேக் அத்தாட்சிகளுடன் தாவா சமர்ப்பித்தால் சர்க்கார் தீர்ப்பளிக்கும் என்பது அந்தப் பதிலின் கருத்து. ஷேக் இசைந்து, மே 27-ந் தேதி தம் தாவாவை அனுப்பினார்.

இந்த இடத்தில் நாம் சற்று நிற்கவேண்டும். முதலில் ஓர் அபிப்பிராயம். அதன் பிறகு கோட்டையும் காவற்படையும். அந்தக் குடியிருப்பைக் காட்டி ஒரு பாத்தியதை. அந்தப் பாத்தியதையை மறுப்பவன்தான் ருசு கொண்டுவரவேண்டும் என்று ஒரு விதி. விசாரணை தொடங்குவதற்கு முன்பே தராசின் ஒரு தட்டில் கல் வைத்தாகிவிட்டது.

இதனால் பஹ்ரைன் கட்சியில் நியாயமே இல்லை என்று நாம் கூறவில்லை. அவர்கள் தரப்பில் சொல்ல விஷயங்கள் இருந்தன. தவாஸிர் என்ற குலத்தார் தலைமுறை தலைமுறையாகப் பனிக்காலத்தில் ஹவாருக்கு வந்து மீன் பிடித்தனர். வீடுகளும் தண்ணீர்த் தொட்டிகளும் கட்டினர். ஜிப்ஸம் வெட்டிப் பஹ்ரைனுக்குக் கொண்டுபோயினர். தீவிலுள்ள நிலத்தையும் மீன் பொறிகளையும் பற்றிய வழக்குகள் பஹ்ரைன் நியாயஸ்தலத்தில் தீர்க்கப்பட்டிருந்தன. 1937-க்கு முன்பே தங்கள் குடிகள் அங்கே இருந்தார்கள் என்று பஹ்ரைன் வாதித்தது.

கத்தாரின் வாதமோ தேசப்படத்தைக் காட்டி நின்றது. 'எங்கள் கரையோடு ஒட்டிக் கிடக்கும் நிலம் எங்களுடையதல்லாமல் வேறு யாருடையது? மீன் பிடிக்க வந்து கொட்டகை போட்டவன் தீவுக்கு எஜமானன் ஆகிவிடுவானா?' என்பது அதன் உட்பொருள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கத்தார் ஷேக்கிடம் ஆலோசகரும் இல்லை. ஆவணக் காப்பகமும் இல்லை. எதிர்க்கட்சியில் இருந்தவர் கச்சேரி நடைமுறை அறிந்த பெல்கிரேவ். 1939-ம் வருஷம் ஜனவரியில் பஹ்ரைனின் பதில் வாதம் வந்தது. மார்ச் மாதத்தில் கத்தாரின் மறுப்பு வந்தது. ஏப்ரல் 22-ந் தேதி வெயிட்மன் பஹ்ரைனுக்கு அனுகூலமாக அறிக்கை எழுதினார்.

1939-ம் வருஷம் ஜூலை 11-ந் தேதி, ரெஸிடெண்ட் டிரெஞ்சார்ட் பௌல் இரண்டு ஷேக்குகளுக்கும் கடிதம் அனுப்பினார். ஹவார் தீவுகள் பஹ்ரைனுக்கே உரியவை என்று பிரிட்டிஷ் சர்க்கார் தீர்மானித்திருப்பதாக அதில் கண்டிருந்தது. ஏன் என்று ஒரு வரியும் காணப்படவில்லை. நம் தாலுகாக் கச்சேரியில் அரை ஏக்கர் வழக்குக்குக்கூடக் காரணம் எழுதாமல் பைசல் செய்யமுடியாது. தீவுக் கூட்டம் ஒன்றைக் காரணம் எழுதாமலே பைசல் செய்துவிட்டார்கள். கத்தார் ஷேக் ஆகஸ்டு 4-ந் தேதி ஆட்சேபம் தெரிவித்தார். அதன் பின்னும் எழுதிப் பார்த்தார். தீர்ந்த விஷயத்தைத் திறக்க முடியாது என்றார்கள். சில வாரங்களில் ஐரோப்பாவில் யுத்தம் மூண்டது. ஹவார் மறக்கப்பட்டது. 1940-ல் பஹ்ரைன் பெட்ரோலியம் கம்பெனி, பஹ்ரைனின் மீதி நிலத்தையும் குத்தகையில் சேர்த்துக்கொண்டது.

பேரப்பிள்ளைகள் காலம்

1947-ம் வருஷம் டிசம்பர் 23-ந் தேதி பிரிட்டிஷார் மற்றொரு கடிதம் எழுதினார்கள். இம்முறை கடலடி நிலத்தையே இரண்டு நாடுகளுக்கும் நடுவே கோடிட்டுப் பிரித்தார்கள். ஹவாருக்குத் தெற்கேயுள்ள ஜனான் என்ற சிறு தீவு ஹவார்க் கூட்டத்தில் சேராது என்று அதில் ஒரு வாசகம் இருந்தது. நீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் இரண்டு திட்டுகளைப் பஹ்ரைன் பக்கம் சேர்த்தார்கள்.

1971-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி பஹ்ரைன் சுதந்தரம் பெற்றது. செப்டம்பர் 3-ந் தேதி கத்தாரும் பெற்றது. எஜமானர்கள் போய்விட்டார்கள், கடிதங்கள் போகவில்லை. 1986-ல், மேற்சொன்ன திட்டுகளில் ஒன்றான பஷ்த் அத் திபாலில் பஹ்ரைனுக்காகக் கட்டுமான வேலை நடந்தபோது, கத்தார்ப் படையினர் இறங்கி வேலையாட்களைச் சிறைபிடித்தார்கள். பிறகு விடுவித்தார்கள். ஒரே மொழியும் ஒரே மதமும் உடைய இரண்டு சகோதர நாடுகள் நீரில் மூழ்கி எழும் ஒரு பாறைக்காகத் துப்பாக்கி தூக்கும் நிலை வந்தது. சவூதி அரேபிய மன்னர் மத்தியஸ்தம் செய்தும் முடிவு காணவில்லை.

1991-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி கத்தார், ஹேக் நகரத்திலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டா என்பதைத் தீர்க்கவே 1995 வரையில் பிடித்தது. பிறகு ஒரு விபரீதம் நடந்தது. கத்தார் தாக்கல் செய்த 82 தஸ்தாவேஜுகள் கள்ள தஸ்தாவேஜுகள் என்று பஹ்ரைன் குற்றம் சாட்டியது. நிபுணர்கள் சோதித்த பிறகு, அவற்றைத் தன் வாதத்துக்கு ஆதாரமாகக் கொள்வதில்லை என்று கத்தார் ஒதுங்கிக்கொண்டது. தன் கட்சியில் உண்மையாகவே இருந்த நியாயத்தின் முகத்திலும் அது கரி பூசிவிட்டது.

2001-ம் வருஷம் மார்ச் 16-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஹவார் தீவுகள் பஹ்ரைனுக்கு என்று 12 நீதிபதிகளும், கூடாது என்று 5 நீதிபதிகளும் கருதினார்கள். ஸுபாரா கத்தாருக்கு என்பதில் அபிப்பிராய பேதமில்லை. ஜனான் தீவும் பஷ்த் அத் திபால் திட்டும் கத்தாருக்குப் போயின. கித்அத் ஜராதா என்ற மற்றத் திட்டு பஹ்ரைனுக்குக் கிடைத்தது.

ஹவார் யாருக்கு உரியது என்பதை நீதிமன்றம் ஆதிமுதல் விசாரிக்கவில்லை. 1938-ல் இரண்டு ஷேக்குகளும் பிரிட்டிஷார் தீர்ப்புச் சொல்லட்டும் என்று இசைந்தார்கள். ஆகையால் 1939-ம் வருஷத்துத் தீர்ப்பு இருவரையும் கட்டுப்படுத்தும் என்று கூறியது. காரணம் சொல்லவில்லையே என்ற ஆட்சேபத்துக்கு, காரணம் சொல்லவேண்டும் என்ற நிபந்தனை இருக்கவில்லை என்று விடை. பாத்தியதை முன்கூட்டியே பஹ்ரைன் பக்கம் வைக்கப்பட்டதே என்றதற்கு, அதை அறிந்துதானே கத்தார் இசைந்தது என்று விடை. 1947-ம் வருஷத்துக் கடிதத்தில் வந்த ஒரு வாசகமே ஜனானைக் கத்தாருக்கு வாங்கிக் கொடுத்தது. ஆக, 62 வருஷங்களுக்கு முன் குத்தகை அவசரத்தில் எழுதிய காகிதம் உலக நீதிமன்றத்தில் சட்டமாயிற்று.

இதற்கு உடன்படாத நீதிபதிகளில் மூவர் சேர்ந்து நீண்ட மாறுபட்ட தீர்ப்பு எழுதினார்கள். அவர்கள் பெட்ஜாவி, ரஞ்சேவா, கொரோமா. நாடுகள் அல்ஜீரியா, மடகாஸ்கர், ஸியரா லியோன். மூன்றும் அந்நிய ஆட்சியை அனுபவித்த நாடுகள் என்பதை நாம் மறக்கவேண்டியதில்லை.

நாம் கொள்ளவேண்டியது

தீர்ப்பை இரண்டு நாடுகளும் ஏற்றுக்கொண்டன. கத்தாருக்கு அது மனவேதனை தந்தது, ஆனாலும் தலைவணங்கிற்று. இதை நாம் போற்றவேண்டும். நமக்குப் பிடிக்காத தீர்ப்பையும் ஏற்பதற்குத்தான் அதிகமான துணிவு வேண்டும். ஹவாரைப் பொறுத்தமட்டில் அறுபத்தைந்து வருஷப் பகை அன்றோடு ஓய்ந்தது. ஓர் உயிரும் பலியாகவில்லை. அந்த அமைதியைக் குறைத்து மதிப்பதற்கில்லை.

எனினும், பஹ்ரைன் வென்றது நியாயமா என்ற கேள்வியைவிட, அது வென்ற வழி நியாயமா என்ற கேள்வியே நம் மனத்தை உறுத்துகிறது. பஹ்ரைன் கட்சியே நேரானது என்று வைத்துக்கொள்வோம். நேரான கட்சிக்கு முன்கூட்டி எழுதிய அபிப்பிராயம் எதற்கு? இரு தரப்பையும் ஒருங்கே கேட்டு, காரணத்தோடு தீர்ப்பெழுதியிருந்தால், பஹ்ரைன் அன்றே நிம்மதியாக இருந்திருக்கும். கத்தாரும் அன்றே சமாதானம் அடைந்திருக்கும். காரணம் சொல்லாத தீர்ப்பு ஜயித்தவனுக்கும் நிம்மதி தருவதில்லை. அவன் தன் உரிமையை ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாக ருசுப்படுத்தவேண்டியிருக்கிறது.

இவ்வளவுக்கும் காரணமான எண்ணெய் என்ன ஆயிற்று? கத்தாரின் எண்ணெய் 1940-ம் வருஷத் தொடக்கத்தில் துகான் என்ற இடத்தில், அதன் சொந்த நிலத்திலேயே கிடைத்தது. இன்று அந்நாட்டின் செல்வத்துக்கு மூலமான வாயுச் சுரங்கம் 1971-ல் வடக்குக் கடலில் கண்டுபிடிக்கப்பட்டது. 2004 முதல் குஜராத்தின் தஹேஜ் துறைமுகத்துக்குக் கப்பலில் திரவமாக வந்து இறங்குவது அந்த வாயுதான். ஹவார் எண்ணெய் வயலாகவில்லை. அங்கே நீர்க்காகங்கள் ஆயிரக்கணக்கில் கூடி முட்டையிடுகின்றன. சுற்றியுள்ள கடற்புல்லில் கடற்பசுக்கள் மேய்கின்றன. அவற்றைக் காப்பதற்காக 1997-ல் தீவுகளை உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் வரிசையில் சேர்த்தார்கள்.

வரப்புத் தகராறு தீர்க்க வருகிறவனுக்கு அந்த நிலத்தில் ஆசை இருக்கக்கூடாது என்பது நம் கிராமத்துப் பஞ்சாயத்தின் பாலபாடம். உலகத்தையே ஆண்டவர்கள் அந்தப் பாடத்தைப் படிக்கவில்லை. அதற்கான அபராதத்தைச் செலுத்தியவர்கள் அவர்கள் அல்ல. ஒரே குடும்பத்தைப் போன்ற இரண்டு சிறு நாடுகள்.